ஜாவ் ஆண்ட்டிக்கு எழுதத் தெரியும்

மே 27, சான் ரமோன்

விசாலாக்ஷி டீக்குக் கூப்பிட்டிருந்தார். டீ வருவதற்குள், அவர் மகன் ஷ்ரேயஸ் அந்தப் பெரிய காலேஜுக்குள் எப்படி நுழைந்தான் என்ற கதை ஐந்தாவது தடவையாக ஓடி முடிந்தது. பெரு நாட்டுக்குப் போய் மூன்று வாரம் கிணறு வெட்டினானாம். அந்தப் பையனை எனக்குத் தெரியாதா? சாப்பிட்ட தட்டை சிங்க் வரைக்கும் தூக்கிவராத பையன்.

"மார்க் எல்லார்கிட்டயும்தான் இருக்கு வான்மதி. ஸ்டோரி என்னன்னுதான் பாக்கறா. உங்க தென்றலோட ஸ்டோரி என்ன?"

பிஸ்கட்டைத் தட்டிலேயே திரும்ப வைத்தேன். தென்றலின் கதை: வயது பதினேழு, ஒற்றைப் பிள்ளை, லீவு நாளென்றால் பதினொரு மணிக்கு எழுவாள், எதைக் கேட்டாலும் "இட்ஸ் ஃபைன், அம்மா" என்பாள். இதை வைத்துக்கொண்டு எந்தக் காலேஜ் வாசலில் போய் நிற்பது?

மே 29

கண்டுபிடித்துவிட்டேன். மேற்குச் சீனா! கான்சு மாகாணத்தில் உருளைக்கிழங்கு விளைகிற ஒரு மலையூர். அங்கே பள்ளிக்கூடத்தில் நான்கு வாரக் கோடை முகாம். சின்னப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லித்தர வாலண்டியர்கள் வேண்டுமாம். பதினெட்டு ஆகாதவர்களோடு அம்மாவோ அப்பாவோ ஒருவர் வரவேண்டும். ஒரே ஒரு நிபந்தனை: அந்தப் பிள்ளை தினமும் தானே ஒரு லாக், அதாவது நாட்குறிப்பு, எழுதவேண்டும். கடைசியில் அதைப் பார்த்துத்தான் சர்டிஃபிகேட்.

என் வீட்டுக்காரர் சபரி லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார். "ஏன் சீனா?"

"பெரு, கென்யா, கோஸ்டா ரிகா எல்லாம் நம்ம சர்க்கிள்ல முடிஞ்சிருச்சுங்க."

"அவகிட்ட கேட்டியா?"

கேட்டேன். "வாட்எவர், அம்மா" என்றாள். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் சம்மதம்.

பள்ளியில் மூன்று வருடமாக மாண்டரின் சீனம் வேறு படிக்கிறாள். எல்லோரும் ஸ்பானிஷ் எடுக்கிறார்கள் என்று நான்தான் அதில் தள்ளினேன். அன்றைக்கே எனக்கு எவ்வளவு தொலைநோக்கு.

ஜூலை 4

பேக்கிங். என் பெட்டியில் ரசப்பொடி, பருப்புப்பொடி, நாரத்தங்காய் ஊறுகாய், சின்ன குக்கர். அவள் பெட்டியில் ஹெட்ஃபோன் மூன்று.

ஜூலை 6, கான்சு

லான்ஜோ விமான நிலையத்தில் இறங்கி மூன்று மணி நேரம் வேன். வழியெல்லாம் மலை, மலையெல்லாம் படிப்படியாகக் கிழங்கு வயல். வெள்ளையும் ஊதாவுமாகப் பூத்திருந்தது. தென்றல் எதையும் பார்க்கவில்லை, தூங்கினாள்.

முகாமை நடத்துகிறவர் லின் டீச்சர், முப்பது வயது இருக்கும், சத்தமே போடாத பெண். அவர் எங்களை ஜாவ் ஆண்ட்டி வீட்டில் இறக்கிவிட்டார். அறுபத்தெட்டு வயது, குட்டை முடி, தனியாக இருக்கிறார், மகன் எங்கோ தெற்கே பெரிய நகரத்தில். கதவைத் திறந்ததும் கேட்ட முதல் மூன்று கேள்வி: என் வயது, என் சம்பளம், ஏன் ஒரே பிள்ளை. அவர் சீனத்தில் கேட்டதைத் தென்றல்தான் எனக்குச் சொன்னாள். கோபிச்செட்டிப்பாளையத்தில் என் பெரியம்மா வீட்டுக்குள் நுழைந்த மாதிரியே இருந்தது. இவ்வளவு தூரம் ஏன் விமானத்தில் வந்தேன்?

வாட்ஸாப் இங்கே வேலை செய்யாது. இருபத்தாறு குரூப்பும் கப்சிப். இதற்காகவே இந்த நாட்டுக்கு ஒரு கும்பிடு.

ஜூலை 8

ஊர் முழுக்க நூடுல்ஸ் கடை, கடை முழுக்க மாட்டுக்கறிச் சாறு. நாங்கள் கோழி, ஆடு சாப்பிடுவோம், மாடு மட்டும் கிடையாது. தென்றல் கடைக்காரரிடம் விளக்கினாள். அவர் புரிந்துகொண்டு, துண்டுகளையெல்லாம் பொறுக்கி எடுத்துவிட்டு, அதே சாற்றை அன்போடு நீட்டினார்.

இனி நாலு வாரமும் உருளைக்கிழங்குதான்.

ஜூலை 9

முகாமில் மூன்றாவது நாள். தென்றலுக்குப் பதினாறு பிள்ளைகள். அவள் போர்டில் ஒன்று எழுத, எட்டு வயதுப் பெண் ஒருத்தி எழுந்து வந்து திருத்திவிட்டுப் போனாள். என் வேலை சமையலறையில் கிழங்கு உரிப்பது.

மதியம் ஒன்றிலிருந்து இரண்டரை வரை ஊரே தூங்குகிறது. கடைக்காரர், போலீஸ்காரர், நாய், லின் டீச்சர், எல்லோரும். தென்றலுக்கு இந்த ஒரு வழக்கம் மட்டும் உடனே பிடித்துவிட்டது. அவள் தூங்கும்போது லாக்கை எடுத்துப் பார்த்தேன். மூன்று நாளைக்கும் சேர்த்து இவ்வளவுதான்: "இன்று வெயில். பிள்ளைகள் நன்றாக இருந்தார்கள். கிழங்கு சாப்பிட்டோம்."

இதற்கா லீவு போட்டு வந்தேன்?

அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு நானே எழுதினேன். அவள் கையெழுத்து எனக்கு வரும். நாலாம் வகுப்பில் பழைய மாதா கோயில் மாடல் செய்யச் சொன்ன மிஷன் புராஜெக்டிலிருந்து எழுதுகிறேனே, பழகிய கை.

ஜூலை 11

தென்றலிடம் சொல்லிவிட்டேன். லாக்கை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ பிள்ளைகளைப் பார் என்று. "வாட்எவர்" என்றாள். படித்துக்கூடப் பார்க்கவில்லை.

ஆக இப்போது எனக்கு இரண்டு டைரி. தூங்கும் நேரத்தில் இங்கிலீஷில் அவளுக்காக ஒன்று, தமிழில் எனக்காக இது.

அதில் இன்று: "மொழி தெரியாத ஒரு குழந்தையின் கண்களில் என்னையே கண்டேன்."

நடந்தது: அந்தக் குழந்தை இவளுடைய ஹெட்ஃபோனைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. இவள் துரத்திக்கொண்டு ஓடினாள். இரண்டும் கிழங்கு வயலில் விழுந்து எழுந்து வந்தன.

ஜூலை 15

அதில்: "தலைமைப் பண்பு என்பது கேட்பதில் தொடங்குகிறது."

நடந்தது: பிள்ளைகள் கேட்கவில்லை.

ஜூலை 17

தென்றலைக் காணோம் என்று பதறி வெளியே ஓடினேன். சாயங்காலம் ஊர்ச் சதுக்கத்தில் பெண்கள் வரிசைகட்டி ஆடுவார்கள். ஒரு சக்கரம் வைத்த ஸ்பீக்கர், முப்பது நாற்பது ஆண்ட்டிகள், வெயில் தாழ்ந்தபின் தினமும் ஒரு மணி நேரம். முன்வரிசையில் ஜாவ் ஆண்ட்டி. மூன்றாம் வரிசையில், எல்லோருக்கும் ஒரு தலை உயரமாக, கையை ஆட்டிக்கொண்டு என் மகள். போன வாரத்திலிருந்தே வருகிறாளாம்! பக்கத்தில் இருந்த பெண்மணியிடம் ஏதோ சொல்ல, அந்த வரிசையே சிரித்தது. இவள் ஜோக் சொல்வாளா? சீனத்திலா? வீட்டில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் வந்ததில்லையே.

இதையெல்லாம் லாக்கில் எழுத முடியாது. பாட்டிகளோடு டான்ஸ் ஆடினாள் என்றால் எந்தக் காலேஜ் சீட் கொடுக்கும்?

ஜூலை 21

நல்ல கதை ஒன்று சிக்கிவிட்டது. காலையில் ஜாவ் ஆண்ட்டி ஒரு மருந்து டப்பாவைத் தென்றலிடம் நீட்டி, படித்துச் சொல்லச் சொன்னார். பிறகு பார்த்தால் இருவரும் ஒரே நோட்டின்மேல் குனிந்திருக்கிறார்கள். ஆண்ட்டி கையில் பேனா, மெதுவாக ஒவ்வொரு கோடாக இழுக்கிறார், தென்றல் தலையாட்டுகிறாள்.

புரிந்துவிட்டது. பாவம், ஜாவ் ஆண்ட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. என் மகள் சொல்லித்தருகிறாள்!

தூக்க நேரம் முழுக்க எழுதினேன். "அறுபத்தெட்டு வயதில் முதன்முறையாகத் தன் பெயரைத் தானே எழுதிய அந்தக் கிராமத்துப் பெண்ணின் கை நடுங்கியது. என் கையை அதன்மேல் வைத்தேன்." எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. இதற்கு முன்னால் ஷ்ரேயஸின் கிணறு என்ன கிணறு.

தென்றலிடம் ஒரு வார்த்தை கேட்டு உறுதி செய்திருக்கலாம். கேட்கவில்லை. கேட்டுக் கதை போய்விட்டால்?

ஜூலை 24

கிழங்குப் பொரியல் செய்தேன். ஜாவ் ஆண்ட்டி மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். பருப்புப்பொடியை மட்டும் மோந்து பார்த்துவிட்டு மரியாதையாகத் தள்ளி வைத்தார்.

ஜூலை 28

லின் டீச்சர் லாக்கை வாங்கிப் போனார். சாயங்காலம் வந்து, மிகவும் நன்றாக இருக்கிறது, நிறைவு விழாவில் ஒரு பக்கத்தை வாசிக்கப்போகிறேன் என்றார். அவர் போன வருடம்தான் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்தவர், ஊர்க்காரர்களின் கதை தெரியாது, யாரைப் பற்றி எழுதியிருக்கிறது என்று கேட்கவும் இல்லை. நல்லதாகப் போயிற்று, நான் பெயர் எழுதவில்லை.

எனக்குக் கால் தரையில் இல்லை.

ஜூலை 31

எழுத வரலை. எழுதித்தான் ஆகணும்.

பள்ளிக்கூட ஹால். ஊரே வந்திருந்தது. லின் டீச்சர் மைக்கில் சீனத்தில் வாசித்தார். எனக்கு ஒரு வார்த்தை புரியாது, ஆனால் எந்தப் பக்கம் என்று தெரியும். சபரிக்குக் காட்டுவதற்காக ஃபோனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். பாதி வாசித்ததும் ஹாலில் ஒரு முணுமுணுப்பு. அறுபத்தெட்டு வயது, வெளிநாட்டுக்காரர்கள் தங்கிய வீடு. அப்படி ஒரே ஒரு வீடுதானே. எல்லாத் தலையும் ஜாவ் ஆண்ட்டி பக்கம் திரும்பியது. பாராட்டுகிறார்கள் என்று நினைத்தேன்.

நான் கை தட்டினேன். கடவுளே, நான் மட்டும் தட்டினேன்.

அம்பது வயசு ஆள் ஒருத்தர் எழுந்து கோபமாக ஏதோ கத்தினார். ஜாவ் ஆண்ட்டி அசையாமல் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மடியில் கை இரண்டும் கோத்திருந்தது. அப்போதுதான் தென்றலின் முகத்தைப் பார்த்தேன்.

அவள் ஒரு நிமிடம் என்னையே பார்த்தாள். பிறகு எழுந்து, முன்னால் போய், ஜாவ் ஆண்ட்டிக்கு எதிரே இடுப்பு வளைய வணங்கி, சீனத்தில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். நான் உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை.

வெளியே வந்ததும் அவள் சொன்னது எல்லாம் இங்கிலீஷில். என் தமிழில் எழுதுகிறேன், உறைக்கட்டும்.

"அவங்க முப்பத்தொரு வருஷம் இந்த ஸ்கூல்ல டீச்சரா இருந்தவங்கம்மா. அந்த ஹால்ல பாதிப் பேருக்கு எழுதக் கத்துக் குடுத்ததே அவங்கதான். கத்தினவர்கூட அவங்க ஸ்டூடண்ட். அந்த டப்பால இருந்தது இங்கிலீஷ், அவங்க பையன் அனுப்பின வைட்டமின். அந்த நோட்டு என்னோடது. என் கையெழுத்து கேவலமா இருக்குன்னு தினம் திருத்திக் குடுத்தாங்க."

"நீ என்ன சொன்னே அங்க?"

"நான் எழுதினது தப்பு, மன்னிச்சிருங்கன்னு."

"நீ எழுதலையே கண்ணு. சொல்லியிருக்கலாமே."

"நீ எந்திரிச்சுச் சொல்லுவேன்னு நெனச்சேன். வெயிட் பண்ணேன்." அதற்கப்புறம் மட்டும் இங்கிலீஷிலேயே எழுதுகிறேன். "யூ ஜஸ்ட் ஸாட் தேர், அம்மா."

ஆகஸ்ட் 1

பதினெட்டு வருடமாக ஆஃபீஸில் என் வேலை அடுத்தவர் எழுதிய மென்பொருளில் தப்புக் கண்டுபிடிப்பது. ஒருத்தன் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் விடமாட்டேன், மீட்டிங் போட்டுக் கிழிப்பேன்.

காலையில் ஜாவ் ஆண்ட்டி வழக்கம்போல முட்டையும் கிழங்கும் வைத்தார். சாப்பிட்டு முடித்ததும் ஃபோனில் மொழிபெயர்ப்பு ஆப்பைத் திறந்து, "அதை எழுதியது நான், என் மகள் இல்லை" என்று பேசிக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார். திட்டுவார் என்று பார்த்தால், தென்றலைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார்.

தென்றல் இங்கிலீஷில் சொன்னாள். "எந்தக் கிளாஸ் முன்னாடி தப்பா எழுதினியோ அந்தக் கிளாஸ் முன்னாடியே திருத்தணுமாம். அவங்க ரூல். சாயங்காலம் சதுக்கத்துக்கு வரச் சொல்றாங்க."

"முடியாது" என்றேன். என் நாத்தனார் முன்னால்கூட நான் மன்னிப்புக் கேட்டதில்லை.

தென்றல் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவ ஆரம்பித்தாள். நேற்று என் தப்புக்காகக் குனிந்தவள், இன்று என் தட்டையும் கழுவுகிறாள். அதில் எனக்கு வேறு வழி இல்லாமல் போய்விட்டது.

சாயங்காலம் போனேன். ஆண்ட்டிகள் வரிசையில் நின்றுவிட்டார்கள். ஜாவ் ஆண்ட்டி பாட்டை நிறுத்தி, ஸ்பீக்கரின் மைக்கை என் கையில் கொடுத்தார். நேற்று கத்தினவரும் சைக்கிளைப் பிடித்தபடி ஓரத்தில் நின்றார். இங்கிலீஷில் மனப்பாடம் செய்து வைத்திருந்த நாலு பாராவும் மறந்துபோச்சு. தமிழ்தான் வந்தது. நான் ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்ல, தென்றல் பக்கத்தில் நின்று சீனத்தில் சொன்னாள். தமிழிலிருந்து சீனம்! நடுவில் இங்கிலீஷ் கிடையாது. என் தமிழ் அவளுக்கு இவ்வளவு புரியும் என்று எனக்குத் தெரியவே தெரியாது. பதினேழு வருடமாக என்னிடம் பதில் சொல்லவில்லையே தவிர, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

ஏன் அப்படி எழுதினாய் என்று ஒரு ஆண்ட்டி கேட்டார். காலேஜுக்கு என்றேன். அதற்கு மட்டும் மொழிபெயர்ப்பே வேண்டியிருக்கவில்லை போல. தென்றல் வாயைத் திறந்து முடிப்பதற்குள் எல்லோரும் "ஆஆ" என்று தலையாட்டினார்கள். பரீட்சைப் பைத்தியம் இந்த ஊருக்கும் உண்டு.

ஜாவ் ஆண்ட்டி சிரிக்கவில்லை. என் பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். நிலா என்றாள் தென்றல். ஒரு குச்சியை எடுத்து மண்ணில் நிலாவுக்கான சீன எழுத்தை எழுதிக் காட்டி, எழுது என்றார். நாலே நாலு கோடு. நாற்பது பேர் முன்னால் மூன்று தடவை தப்பாக எழுதினேன். நான்காவது தடவை என் கையை அவர் கையால் பிடித்து எழுத வைத்தார். என் கைதான் நடுங்கியது.

அப்புறம் மைக்கைப் பிடுங்கிக்கொண்டு பாட்டைப் போட்டார். என்னைக் கடைசி வரிசையில் நிறுத்தினார்கள். தென்றல் மூன்றாம் வரிசையில். திரும்பிப் பார்ப்பாள் என்று இருந்தேன். பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 2

லின் டீச்சரிடமும் சொன்னேன். அவர் லாக்கைத் திருப்பிக் கொடுத்தார். "இதைத் தென்றல் எழுதவில்லை. நான் கையெழுத்துப் போட முடியாது." சர்டிஃபிகேட் இல்லை. கெஞ்சலாமா என்று ஒரு வினாடி வாய் வரைக்கும் வந்தது. தென்றல் பக்கத்திலேயே இருந்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

ஜாவ் ஆண்ட்டி வழியனுப்பும்போது தென்றலைக் கட்டிக்கொண்டார். எனக்குக் கட்டம் போட்ட நோட்டு ஒன்று கொடுத்தார். நூறு நிலா எழுதி, படம் எடுத்து அனுப்ப வேண்டுமாம்.

ஆகஸ்ட் 14, சான் ரமோன்

தென்றலுக்குப் பள்ளி திறந்தாயிற்று. என்னோடு பேசுகிறாள். "இட்ஸ் ஃபைன்" வரைக்கும்.

சபரி முழுக்கதையையும் கேட்டு, வீடியோவையும் பார்த்துவிட்டுக் கேட்டார். "அந்த வீடியோல கை தட்டற சத்தம் யாரு?"

மனுஷன்.

ஆகஸ்ட் 23

விசாலாக்ஷி வந்தார். தென்றலின் லாக் வேண்டுமாம், அவர் இளைய மகள் அதிதிக்கு மாதிரி காட்ட.

"அது நான் எழுதினதுங்க. மாட்டிக்கிட்டேன். சர்டிஃபிகேட் தரல."

டீயை வைத்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "எல்லாரும் பண்றதுதானே. மாட்டிண்டதைப் போய் வெளில சொல்வாளா?"

"அப்போ ஷ்ரேயஸ் வெட்டின கிணறு?"

"அது முன்னாடியே வெட்டி வெச்சிருந்தது. இவன் உள்ளே இறங்கி ஃபோட்டோ எடுத்துண்டான்." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அப்புறம் இருவரும் சிரித்தோம். நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன்.

செப்டம்பர் 9

நூறு நிலா அனுப்பினேன். ஜாவ் ஆண்ட்டி முப்பத்தெட்டைச் சிவப்பில் சுழித்து அனுப்பியிருக்கிறார். அந்த முப்பத்தெட்டையும் மறுபடி எழுத வேண்டும்.

அக்டோபர் 18

தென்றல் குளிக்கப் போயிருக்கிறாள். லேப்டாப் கிச்சன் மேசையில் திறந்தபடி. காலேஜ் கட்டுரை. நான் அடுப்புப் பக்கம் நிற்கிறேன். ஆறடி தூரம். ஒரு கமா தப்பாக இருந்தால்? ஒரே ஒரு கமா?

கராஜுக்குப் போய் ரீசைக்கிள் குப்பையைப் பிரித்தேன். பிரிக்க ஒன்றும் இல்லை. பழைய அட்டைப்பெட்டியை நாலாகக் கிழித்து மடித்தேன்.

அக்டோபர் 31

நாளைக்குக் காலேஜ் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். வாசலில் ஹாலோவீனுக்குப் பேய் வேஷம் போட்ட பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து தென்றல் கூப்பிட்டாள். "அம்மா, ஒரு டவுட்."

மிட்டாய்க் கிண்ணத்தை அப்படியே ஒரு சூனியக்காரி கையில் கொடுத்துவிட்டு ஓடினேன்.

"அன்னைக்கு மைக்கப் புடிச்சிட்டு ஃபர்ஸ்ட் நீ என்ன சொன்னே? எக்ஸாக்ட்டா. தமிழ்ல."

எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. "நான் வான்மதி. இவளோட அம்மா. அந்தப் பொய்ய எழுதினது நான்."

"மெதுவா சொல்லு."

மெதுவாகச் சொன்னேன். அவள் தட்டச்சு செய்தாள். தமிழிலா, இங்கிலீஷிலா, பார்க்கவில்லை. திரையை என் பக்கம் கொஞ்சம் திருப்பின மாதிரிகூட இருந்தது. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெளியே ஒரு டைனோசருக்கும் அதன் அப்பாவுக்கும் சண்டை.

"அந்த டான்ஸையும் போட்டிருக்கேன், ஆக்டிவிட்டி லிஸ்ட்ல" என்றாள். "இருபது நாள், மூணாவது வரிசை."

"போடு" என்றேன்.

நவம்பர் 1

சப்மிட் பண்ணிவிட்டாள். என்ன எழுதினாள் என்று எனக்குத் தெரியாது. விசாலாக்ஷி ஃபோன் போட்டுக் கேட்டதற்கும் அதையேதான் சொன்னேன். அவர் நம்பவில்லை.